சிரிப்புக்கு உரை எழுதினா சிரிப்பு செத்துடுமா?

ஒரு ஜோக்கை விளக்கிச் சொன்னா அது செத்துடும்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா இருக்கு. டீக்கடையில ஒருத்தர் ஏதோ சொல்லி நாலு பேர் சிரிப்பாங்க. அஞ்சாவது ஆள் "என்னங்க, எனக்குப் புரியலையே"ன்னு கேட்டா, "விடுய்யா, புரியாதவனுக்குச் சொல்லிப் பிரயோஜனம் இல்ல"ன்னு அவங்க பேச்சை மாத்திடுவாங்க. அந்த அஞ்சாவது ஆள் மூஞ்சியை நீங்க கவனிச்சிருக்கீங்களா? தானும் சிரிக்கிற மாதிரி லேசா உதட்டை அசைச்சிட்டு, டம்ளரை வச்சிட்டு எழுந்து போயிடுவார்.

என் கட்சி வேற. உரை சொன்னா சிரிப்பு சாகாது, உரை சொல்ல ஆள் இல்லாமத்தான் சாகும். இதை நான் யோசிச்சது ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடரைப் பார்த்தப்போ. பேரு 'எக்ஸல் சாகா'. ஜப்பான்காரங்க அவங்க ஊர் கார்ட்டூனை அனிமேன்னு சொல்றாங்க. அந்த அனிமேயையே கிண்டல் பண்ற அனிமே இது. நம்ம 'லொள்ளு சபா' தமிழ் சினிமாவைப் பண்ணின வேலையை இவங்க ஜப்பான் கார்ட்டூனுக்குப் பண்ணியிருக்காங்க.

இது என் கைக்கு வந்த கதை பெருசா ஒண்ணுமில்ல. அண்ணன் மகன் அமெரிக்காவுல கொஞ்ச வருஷம் வேலை பார்த்துட்டு பெங்களூருக்கு மாறி வந்தப்போ, வீட்ல இடமில்லைன்னு நாலு அட்டைப் பெட்டியை ஊர்ல போட்டுட்டுப் போனான். அதுல ஒண்ணுல இந்த ஆறு டிவிடி. "சித்தப்பா, இது உங்களுக்குப் புரியாது. முதல்ல நூறு அனிமே பார்த்திருக்கணும். அதுக்கப்புறம்தான் இதுல சிரிப்பு வரும்"னான். "நீ வச்சிட்டுப் போடா, புரியறது புரியட்டும்"னேன். மல்லாட்டை பிடுங்கி முடிச்சு, மழைக்கு வேலை நின்ன பத்து நாள்ல 26 பகுதியும் பார்த்தாச்சு. அமெரிக்காவுல விக்கிற டிவிடிக்கு ரீஜன் கோடு 1, ஜப்பானுக்கு 2, நம்ம இந்தியாவுக்கு 5. முறைப்படி பார்த்தா அந்த டிஸ்க் இங்க ஓடக் கூடாது. ஆனா நம்ம ஊர்ல வித்த மலிவு பிளேயருக்கு இந்த சாதி வித்தியாசமெல்லாம் தெரியாது. எந்த ஊர் டிஸ்க்கைப் போட்டாலும் ஓட்டும். லென்ஸை மட்டும் அப்பப்போ பஞ்சால துடைக்கணும். டிவி, அரசாங்கம் கொடுத்த இலவச 14 இன்ச் கலர் டிவி. இன்னும் ஓடுது.

முதல்ல தொடர் என்னன்னு சொல்லிடறேன். ரிக்டோ கோஷின்னு ஒருத்தர் 1996ல இருந்து எழுதி வரைஞ்ச மங்கா, அதாவது சித்திரக்கதை. அதை ஷினிச்சி வதனபே டைரக்ட் பண்ணி 1999 அக்டோபர்ல இருந்து டிவி டோக்கியோவுல ராத்திரி நேரத்துல போட்டாங்க. கதை இதுதான். 'அக்ராஸ்'னு ஒரு ரகசிய அமைப்பு. தலைவன் பேரு இல்பலாட்சோ. உலகம் கெட்டுப்போச்சு, அதைப் பிடிச்சு ஆளணும்கிறது அவன் லட்சியம். ஆனா ஒரேயடியா உலகத்தையே பிடிக்கறது கஷ்டம் பாருங்க, அதனால முதல்ல ஒரு ஊரைப் பிடிப்போம்னு முடிவெடுக்கிறான். அந்த ஊர் ஜப்பானோட தென்மேற்குல இருக்கிற ஃபுகுவோகா. இவ்வளவு பெரிய லட்சியத்துக்கு அவன் படையில இருக்கறது ஒரே ஒரு பொண்ணு, எக்ஸல். அப்புறம் ஹயாட்னு இன்னொரு பொண்ணு சேர்றா. அவ ரத்தம் கக்கி அடிக்கடி செத்துப்போவா, கொஞ்ச நேரத்துல எழுந்துடுவா. எக்ஸல் வாயைத் திறந்தா மூட மாட்டா. அவ தொணதொணப்பு தாங்காம தலைவன் ஒரு கயித்தை இழுப்பான், காலுக்கடியில குழி திறக்கும், அவ உள்ள விழுவா. இது வாடிக்கையா நடக்கும்.

இதுவரைக்கும் எனக்கு உரை தேவைப்படலை. ஆள் குழியில விழுந்தா எந்த ஊர்க்காரனும் சிரிப்பான். எங்க வீட்டம்மாவும் சிரிச்சா.

ஆனா இந்த டிவிடில ஒரு வசதி இருந்துச்சு. ரிமோட்ல ஒரு பட்டனைத் தட்டி விட்டா, படம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே சின்னச் சின்ன குறிப்பு திரையில எட்டிப் பார்க்கும். இது எந்தப் பழைய தொடரைக் கிண்டல் பண்றது, இந்தச் சொல்லுக்கு ஜப்பான்ல ரெண்டு அர்த்தம், இந்தச் சாப்பாடு இன்னதுன்னு விவரம் வரும். அமெரிக்காவுல ஹூஸ்டன் நகரத்துல இருந்த ஏடிவி ஃபிலிம்ஸ்ங்கிற கம்பெனி, இந்தத் தொடரை இங்கிலீஷ்ல கொண்டு வந்தப்போ ஆள் வச்சு எழுதினது. அதை ஆன் பண்ணின பிறகுதான் நான் பார்த்துக்கிட்டு இருந்தது பாதிதான்னு தெரிஞ்சுது.

ஒரு உதாரணம் சொல்றேன். தலைவன் பேரு இல்பலாட்சோ, பொண்ணுங்க பேரு எக்ஸல், ஹயாட். ஏதோ வெளிநாட்டுப் பேரு, வில்லன்னா இப்படித்தானே வைப்பாங்கன்னு நான் தாண்டிப் போயிருப்பேன். மூணுமே ஃபுகுவோகா ஊர்ல இருக்கிற ஓட்டல் பேருங்க! இத நம்ம ஊருக்குக் கொண்டு வந்து யோசிங்க. மெட்ராஸைப் பிடிக்கத் திட்டம் போடற ஒரு பயங்கர வில்லன், கருப்பு அங்கி, கண்ல தீப்பொறி, பேரு கன்னிமரா. அவன் முன்னாடி மண்டி போட்டு நிக்கிற ரெண்டு அடியாள் பேரு தாஜ், சவேரா. இப்ப நீங்க சிரிச்சீங்கல்ல? ஃபுகுவோகாக்காரன் அந்தப் பேரு காதுல விழுந்த உடனே சிரிச்சிருப்பான். எனக்கு அந்தச் சிரிப்பு ரெண்டு நிமிஷம் தாமதமா வந்துச்சு. தாமதமா வந்தாலும் அது சிரிப்புதானே? தபால் லேட்டா வந்ததுனால பணம் செல்லாமப் போயிடுமா?

இன்னொண்ணு. நடுநடுவுல தலைமுடியைப் பரங்கிக்காய் மாதிரி வளர்த்த ஒருத்தன், சிவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு சம்பந்தமே இல்லாம கதைக்குள்ள வந்து சண்டை போட்டுட்டுப் போவான். பேரு நபேஷின். அது யாருன்னா தொடரோட டைரக்டர் வதனபேயேதான். சிவப்புக் கோட்டு ஏன்னா, 'லூபான் 3'ன்னு ஒரு கொள்ளைக்கார கதாநாயகன் அங்க ரொம்பப் பிரபலம். 1967ல மங்காவா ஆரம்பிச்சு, 1977ல வந்த டிவி தொடர்ல சிவப்புக் கோட்டோட அலைஞ்சவன். அந்தக் கோட்டை மாட்டிக்கிட்டா ஜப்பான்ல யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நம்ம ஊர்ல ஒருத்தன் சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில பிடிச்சா யாருன்னு சொல்லணுமா, அந்த மாதிரி.

ஒவ்வொரு பகுதியும் வேற வேற வகைப் படத்தைக் கிண்டல் பண்ணுது. ஒண்ணு விண்வெளிக் கதை, ஒண்ணு பனிமலைக் கதை, ஒண்ணு விளையாட்டுப் போட்டிக் கதை, அதுலயும் பௌலிங். ஒண்ணு கலர் கலரா டிரஸ் போட்ட காவல் படை. ஒண்ணு முழுக்க அமெரிக்கக் கார்ட்டூன் பாணி. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி மூலக்கதை எழுதின ரிக்டோ கோஷி கார்ட்டூனா வந்து, என் கதையை இன்னைக்கு இந்த மாதிரி மாத்திக்க அனுமதி கொடுக்கிறேன்னு முத்திரை குத்துவார். முதல் பகுதியிலேயே எக்ஸலுக்குக் கொடுத்த முதல் வேலை என்ன தெரியுமா? அந்த ரிக்டோ கோஷியைக் கொல்றது. மங்காதான் சமுதாயத்தைக் கெடுக்குதாம்!

இந்த மாதிரி படத்தைத் தியேட்டர்லயோ டிவியிலயோ பார்த்திருந்தா எனக்கு ஒண்ணும் தேறியிருக்காது. எனக்கு இங்கிலீஷ் படிச்சா புரியும், வேகமாப் பேசினா தடுமாறும். எக்ஸல் பேசற வேகம் சாதாரண வேகம் இல்ல. ஜப்பானிய மொழியில அவளுக்குக் குரல் கொடுத்த மித்சுயிஷி கொத்தோனோ, 1992ல வந்த 'செய்லர் மூன்' கதாநாயகிக்கும் குரல் கொடுத்தவங்க. இங்கிலீஷ்ல முதல் பாதிக்குக் குரல் கொடுத்த அம்மாவுக்குத் தொண்டை பாதிக்கப்பட்டு, பாதியில வேற ஆள் வந்து முடிச்சாங்க. பேசறவங்களுக்கே தொண்டை போச்சுன்னா கேக்கறவன் கதி என்ன? அதுக்குத்தான் பாஸ் பட்டன். நிறுத்து, குறிப்பைப் படி, பின்னால தள்ளு, திரும்பப் பாரு. வீட்ல வச்சுப் பார்க்கிற வீடியோவோட பெரிய லாபம் இதுதான்னு நினைக்கிறேன். படம் நமக்காகக் காத்திருக்கும்.

இதையெல்லாம் நமக்குச் சொல்லிக் கொடுத்ததும் ஜப்பான்தான். விஎச்எஸ் கேசட்டை 1976ல கொண்டு வந்தது ஜேவிசிங்கிற ஜப்பான் கம்பெனி. எண்பதுகள்ல எங்க ஊர்ல மஞ்சள் நீராட்டு, கல்யாணம்னா டவுன்ல இருந்து ஒரு டிவி, ஒரு டெக், நாலு கேசட் வாடகைக்கு எடுத்து வந்து விடிய விடிய போடுவாங்க. "இன்னைக்கு அவங்க வீட்ல டெக் போடறாங்க"ன்னா ஊரே பாயோட கிளம்பும். அதே காலத்துல ஜப்பான்ல அந்த டெக்கை நம்பி ஒரு தொழிலே வளர்ந்துச்சு. 1983ல 'டல்லோஸ்'னு ஒரு அனிமே, தியேட்டருக்கும் போகாம, டிவிக்கும் போகாம, நேரா கேசட்டா விக்கிறதுக்குன்னே எடுத்தாங்க. அப்புறம் அது ஒரு வழக்கமாச்சு. ராத்திரில போடற அனிமேக்களுக்கு டிவி ஒளிபரப்பு ஒரு விளம்பரம் மாதிரி, போட்ட காசை எடுக்கறது டிஸ்க் வித்துத்தான்னு ஆச்சு. ஒரு டிஸ்குல ரெண்டே பகுதி போட்டு நல்ல விலைக்கு வித்தாங்க. வாங்கறவன் ஒருவாட்டி பார்க்கறதுக்கு அவ்வளவு காசு கொடுப்பானா? திரும்பத் திரும்ப நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான். அவனுக்காகவே ஒவ்வொரு காட்சியோட மூலையிலயும் ஒரு கிண்டலை ஒளிச்சு வச்சாங்க.

எக்ஸல் சாகாவோட 26வது பகுதி டிவியிலயே வரலை. 25 பகுதிதான் ஒளிபரப்பாச்சு. கடைசிப் பகுதியை வேணும்னே டிவியில போட முடியாத அளவுக்கு அடிதடியும் ஆபாசமுமா எடுத்து வீடியோவுல மட்டும் விட்டாங்க. தலைப்போட அர்த்தமே எல்லை மீறிப் போச்சுங்கிறதுதான். இதைப் பத்தி என் அபிப்பிராயத்தைச் சொல்லிடறேன். 26லயே ரொம்பச் சுமார் அதுதான். முதல் 25ல டிவிக்காரன் போட்ட வேலி இருந்துச்சு. அந்த வேலியில எங்க ஓட்டை, எப்படிக் குனிஞ்சு போறதுன்னு பார்த்துப் பார்த்துச் செஞ்ச கிண்டல் அவ்வளவு சாமர்த்தியமா இருந்துச்சு. வேலியை எடுத்தப்புறம் மாடு எங்க வேணா மேயலாம்தான், ஆனா தாண்டறதுக்கு ஒண்ணும் இல்லை. இந்தத் தொடர்ல பொம்பளைங்களை வச்சுப் பண்ற மலிவுக் காமெடியும் நிறைய உண்டு, பல இடத்துல சலிப்புத்தான். குழந்தைங்களோட உட்கார்ந்து பார்க்கிற படம் இல்ல. கார்ட்டூன்தானேன்னு போட்டு விட்டுடாதீங்க.

ஆனா இதுல ஒரு விஷயம் மனசுல தங்கிடுச்சு. பசி. அக்ராஸ் அமைப்புல சம்பளம் கிடையாது. உலகத்தைப் பிடிக்கிற வேலைக்கு நடுவுல எக்ஸலும் ஹயாட்டும் ஒரு ஓட்டை அறையில இருந்துக்கிட்டு, கிடைச்ச பகுதிநேர வேலைக்கெல்லாம் ஓடுவாங்க. சாப்பாட்டுக்குத் தாளம். எக்ஸல் ஒரு நாய்க்குட்டி வச்சிருக்கா. செல்லத்துக்கு இல்ல. ரொம்பக் கஷ்டம் வந்தா சமைச்சுச் சாப்பிட! அதோட பேரு மென்ச்சி. ஜப்பான்ல மென்ச்சின்னா கொத்துக்கறி. நம்ம ஊர்ல ஆட்டுக்குட்டிக்கு 'கைமா'ன்னு பேரு வச்ச மாதிரி.

எங்க வீட்டம்மாவுக்கு இது பிடிக்கலை. "சீ, இதுல என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு, நாயைப் போய்"ன்னா. நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் அந்த வருஷத்தை யோசிச்சுப் பார்த்தேன். 1999. ஜப்பான்ல நிலமும் பங்கும் கண்மண் தெரியாம விலை ஏறி, தொண்ணூறுகளோட ஆரம்பத்துல அப்படியே சரிஞ்சுது. படிச்சு முடிச்சு வந்த பசங்களுக்கு நிரந்தர வேலை இல்ல. பகுதிநேர வேலையிலயே காலம் தள்ளினவங்களுக்கு 'ஃப்ரீட்டர்'னு தனிப் பேரே இருந்துச்சு. லட்சியம் மட்டும் வானம் வரைக்கும் இருக்கும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வழி இருக்காது. அந்தப் பசங்கதான் நடுராத்திரி இந்தத் தொடரைப் பார்த்தவங்க. சம்பளம் தராத தலைவனுக்கு விசுவாசமா இருந்து, குழியில விழுந்து, எழுந்து வந்து திரும்பவும் வணக்கம் வைக்கிற எக்ஸலைப் பார்த்து அவங்க சிரிச்சது அடுத்தவனைப் பார்த்து இல்ல, தன்னைப் பார்த்து. இதை வீட்டம்மாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப அந்த நாயைக் கடைசி வரைக்கும் சாப்பிட மாட்டா"ன்னா. அடுத்த பகுதியைப் போடச் சொன்னதும் அவதான்.

உரை இல்லைன்னா சிரிப்பு போறது மட்டும் நஷ்டம் இல்ல. தப்பான இடத்துல சிரிப்போம், இல்லைன்னா தப்பான இடத்துல கோபப்படுவோம்.

நம்ம படத்தையே எடுத்துக்குங்க. 2010ல சி.எஸ். அமுதன் எடுத்த 'தமிழ்ப்படம்' சினிமாபட்டின்னு ஒரு ஊர்ல ஆரம்பிக்கும். அங்க ஆண் குழந்தை பிறந்தா கொன்னுடுவாங்க. விட்டா மெட்ராஸுக்குப் போய் ஹீரோ ஆயிடுவான்னு பயம்! தியேட்டரே அதிர்ந்துச்சு. ஏன்னா அங்க இருந்தவங்க பாரதிராஜாவோட 'கருத்தம்மா'வைப் பார்த்தவங்க, பெண் குழந்தைக்கு நம்ம ஊர்ல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சவங்க. ஃபுகுவோகாவுல ஒரு விவசாயி உரை இல்லாம இந்தக் காட்சியைப் பார்த்தா என்ன நினைப்பார்? தமிழ்நாட்டுக்காரனுக்குக் குழந்தையைக் கொல்றது காமெடின்னு நினைப்பார். அவர் மேல தப்பில்ல. பக்கத்துல உட்கார்ந்து சொல்ல ஆள் இல்ல, அவ்வளவுதான்.

ஃபுகுவோகா வரைக்கும் எதுக்குப் போகணும்? என் மகள் போன்ல லொள்ளு சபா துண்டு துண்டா பார்த்துச் சிரிக்கிறா. அதுல கிண்டல் பண்ற மூலப்படம் ஒண்ணையும் அவ பார்த்ததில்லை. ஆள் விழுந்தா சிரிக்கிறா, முழியை உருட்டினா சிரிக்கிறா. மீதி கை நழுவிப் போகுது. பகடிக்கு ஆயுசு கம்மிங்க. மூலம் மறந்தா பகடியும் அதோட போயிடும். ஊர் தள்ளிப் போனாலும் அப்படித்தான், வருஷம் தள்ளிப் போனாலும் அப்படித்தான். இன்னைக்கு ஜப்பான்ல இருபது வயசுப் பையன் எக்ஸல் சாகாவைப் பார்த்தா அவனுக்கும் அந்தக் குறிப்பு வேணும்.

இந்தத் தொடர் எடுத்தவங்களுக்கே இந்தச் சங்கடம் தெரிஞ்சிருக்கும்னு எனக்கு ஒரு நினைப்பு. ஏன்னா ஒவ்வொரு பகுதி முடிவுலயும் ஒரு பாட்டு வரும். பாடறது மென்ச்சி, அந்த நாய். மேடையில நின்னு சோகமாக் குலைக்கும். பக்கத்துல ஒரு பொண்ணு நின்னு, அது குலைக்கறதை வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல்லும். என்னைத் தின்னுடாதீங்கன்னு அந்த நாய் கெஞ்சறது அந்தப் பொண்ணு சொன்னாத்தான் நமக்குத் தெரியும். சொல்லலைன்னா வெறும் நாய் குலைக்கற சத்தம். கிண்டலுக்குத்தான் வச்சிருக்காங்க. ஆனா மொழிபெயர்க்கறவங்க இல்லைன்னா ஒரு உயிரோட கஷ்டம்கூட அடுத்தவன் காதுல சத்தமாத்தான் விழும்கிறது கிண்டல் இல்லையே.

இப்ப டிவிடி காலம் முடிஞ்சாச்சு. அந்தக் குறிப்பை எழுதின கம்பெனியும் 2009ல மூடியாச்சு. அண்ணன் மகன் மாதிரி ஆளுங்க பெட்டியைக் கட்டி ஊர்ல போட்டுட்டாங்க. ஓடிடில எல்லாம் கிடைக்குதுன்னு சொல்றாங்க. கிடைக்குதுதான். பேசறதுக்கு சப்டைட்டில் கிடைக்குது. பேசாம விட்டதுக்கு? பாட்டு வந்தா 'தாண்டு'ன்னு பட்டன், பகுதி முடிஞ்சா அஞ்சு செகண்டுல அடுத்தது. பத்தாயிரம் படம் கையில இருக்கு, ஒண்ணுகூட நமக்காக நிக்காது. நான் பழசைப் பிடிச்சுத் தொங்கற ஆள் இல்ல. நானும் போன்ல பார்க்கறவன்தான். படத்தைக் கொண்டு வந்து சேர்க்கறது ஒரு வேலை, அதைப் புரிய வைக்கறது இன்னொரு வேலை. முதல் வேலை முடிஞ்சதும் ரெண்டாவதுக்கு ஆள் தேவையில்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க. அதைத்தான் நான் ஒத்துக்கலை.

ஜப்பான் கார்ட்டூனுக்காக ஒரு திருவண்ணாமலைப் பக்கத்து விவசாயி ஏன் இவ்வளவு மல்லுக்கட்டறேன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. எங்க பக்கம் தெருக்கூத்து இருக்கு. திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வச்சா ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடியற வரைக்கும் ஆடுவாங்க. இப்பல்லாம் மெட்ராஸ்ல இருந்து, பெங்களூர்ல இருந்து நல்ல கேமராவோட பிள்ளைங்க வர்றாங்க. சந்தோஷம். துரியோதனன் கிரீடம் கட்டி திரை பின்னால இருந்து வர்றதை எடுக்கிறாங்க, துகிலுரிதலை எடுக்கிறாங்க, படுகளத்தை எடுக்கிறாங்க. கட்டியங்காரன் வந்து பேச ஆரம்பிச்சா பேட்டரி மாத்தப் போயிடறாங்க.

கட்டியங்காரன்தான் கூத்துல பகடிக்காரன். ராஜாவைக் கேள்வி கேப்பான், கதையை நிறுத்துவான், வெளிய வந்து ஊர்க்கதை பேசுவான், திரும்ப உள்ள போவான். ஃபுகுவோகாவுல நபேஷின் சிவப்புக் கோட்டோட பண்றதை இவன் கோமாளிக் குல்லாவோட ரொம்ப காலமாப் பண்ணிக்கிட்டிருக்கான். ஒருவாட்டி துரியோதனன் வந்து, ஐம்பத்தாறு தேசமும் எனக்கே சொந்தம்னு தொடையைத் தட்டினான். கட்டியங்காரன் கையைக் கட்டிக்கிட்டு, "ராஜா, எல்லாம் சரி. தனிப் பட்டாவா, கூட்டுப் பட்டாவா?"ன்னான். ஜனம் புரண்டு புரண்டு சிரிச்சுது. எனக்குப் பக்கத்துல நின்ன பட்டணத்துப் பையன், டீக்கடையில அந்த அஞ்சாவது ஆள் வச்சிருந்தாரே, அதே மூஞ்சியோட நின்னுக்கிட்டு இருந்தான்.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். அப்பா செத்துப்போனா நிலம் அண்ணன் தம்பி எல்லார் பேர்லயும் ஒரே பட்டாவா நிக்கும். அது கூட்டுப் பட்டா. பாகம் பிரிச்சு, அளந்து, தனித்தனியா மாத்தினாத்தான் தனிப் பட்டா. அதுக்குள்ள அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை போயிடும், வரப்புல சண்டை வரும், கேஸ் நடக்கும், அடுத்த தலைமுறை தலையெடுத்துடும். அன்னைக்கு அந்தக் கூட்டத்துல உட்கார்ந்திருந்தவங்கள்ல பல பேர் வீட்டு நிலம் இன்னும் கூட்டுப் பட்டாதான். மகாபாரதமே பாகப் பிரிவினைத் தகராறுதானேங்க! கட்டியங்காரன் ஒரே வரியில பாரதத்தையும் எங்க வரப்பையும் சேர்த்துக் கட்டிட்டான். அதைக் கேட்டு அந்தப் பையன் சிரிச்சான். தாமதமாத்தான் சிரிச்சான், ஆனா நல்லாவே சிரிச்சான். அப்புறம் எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டான்: "அப்ப அர்ஜுனன் தவசுக்குப் போனது சர்வே ஆபீசுக்கு மனு போட்ட மாதிரியா?" விளக்கம் கேட்டுச் சிரிச்சவன் வாயில இருந்து புதுசா ஒரு ஜோக் பிறந்துச்சு பாருங்க. செத்த சிரிப்பு குட்டி போடுமா?

எங்கயோ ஹூஸ்டன்ல உட்கார்ந்து ஒருத்தர், ஃபுகுவோகா ஓட்டல் பேரையெல்லாம் தேடிப் பிடிச்சுக் குறிப்பு எழுதி வச்சார். அவர் எழுதினதால திருவண்ணாமலைப் பக்கத்துல மழை நாள்ல ரெண்டு பேர் சிரிச்சோம். எங்க கட்டியங்காரன் பேசினதுக்குக் குறிப்பு எழுத யார் இருக்காங்க? சண்டைப் பாட்டுக்குப் புத்தகம் இருக்கு. அவன் பேச்சு அந்த ராத்திரியோட போயிடுது. வருஷத்துக்கு வருஷம் மாத்திப் பேசறவன் அவன், ஏட்டுல இருக்காது. நகரத்துல இருந்து வர்றவங்க எங்க அழுகையை நிறைய எடுத்தாச்சு. வறண்ட வயல், சுருங்கின கை, ஆகாசத்தைப் பார்க்கிற கிழவர், எல்லாம் எடுத்தாச்சு. அதுவும் உண்மைதான், இல்லேங்கலை. ஆனா நாங்க எதைப் பார்த்துச் சிரிக்கிறோம்னு தெரியாத வரைக்கும் எங்களைத் தெரியும்னு சொல்ல முடியாது.

சித்திரை, வைகாசியில எங்க பக்கம் பாரதம் நடக்கும். வாங்க. பாய் எடுத்துட்டு வாங்க, கொசுவத்தியும் எடுத்துக்குங்க. கட்டியங்காரன் வந்தா கேமராவை அணைக்காதீங்க. முன் வரிசையில உட்காராம, வெத்தலை போட்டுக்கிட்டு நடுவுல உட்கார்ந்திருக்கிற ஒரு பெரியம்மா பக்கத்துல இடம் பிடிங்க. ஜனம் சிரிக்கும்போது, "ஏம்மா, இப்ப எதுக்குச் சிரிச்சீங்க?"ன்னு கூச்சப்படாமக் கேளுங்க. முதல்ல "ஒண்ணுமில்ல போ தம்பி"ன்னுவாங்க. ரெண்டாவது தடவை கேட்டாச் சொல்லுவாங்க. சொன்னதை ஊர்ப் பேரு, தேதியோட எழுதி வச்சுக்குங்க.